புதன்கிழமை நாலு மணி

எங்கள் கல்லூரியில் மனநல ஆலோசனை அறை நூலகக் கட்டடத்தின் பின்பக்கம், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. ஒரு புதன்கிழமை மத்தியானம் என் அறைத்தோழியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அங்கே போனேன்.

விடுதியில் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். முதல் வருடப் பரீட்சைக்கு மணி அடித்த பிறகும் குறட்டை விட்டவள். அந்தத் தூங்குமூஞ்சி இப்போது முப்பத்தொரு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. வகுப்புக்கு வரவில்லை, தலை சீவவில்லை. முந்தின நாள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "நான் இல்லன்னா உனக்கு ரூம் விசாலமா இருக்கும்ல?"

அலுவலக அக்கா பதிவேட்டைப் புரட்டினார். "ஏழு வாரம் ஆகும்மா. பேரை எழுதிட்டுப் போங்க."

"ஏழு வாரமா? அதுக்குள்ள இவளுக்கு ஏதாவது ஆயிட்டா?"

எனக்கு வாய் மட்டுமில்லை, கழுத்தும் நீளம். எட்டிப் பார்த்தேன். எல்லாக் கட்டத்திலும் பெயர் இருந்தது. புதன்கிழமை நாலு மணி மட்டும் வாராவாரம் காலி.

"இதென்னக்கா? உங்க சொந்தக்காரங்களுக்கு எடுத்து வச்சிருக்கீங்களா?"

அவர் பேனாவை மூடினார். குரல் இறங்கியது. "அது ஒரு பொண்ணோட நேரம்மா. ரெண்டு வருஷம் ஆச்சு. ஏழு வாரம் காத்திருந்து வந்தா. அன்னிக்கு அப்ப இருந்த கவுன்சலர் மேடம் லீவு. அவகிட்ட சொல்ல மறந்துட்டோம். உள்ள சோபாவுல ஆறு மணி வரைக்கும் உக்காந்திருந்தா. மறுநாள் காலையில அவ உயிரோட இல்ல. அதுக்கப்புறம் அந்த நேரத்த யாருக்கும் குடுக்கறதில்ல."

தூங்குமூஞ்சி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாடீ, போயிடலாம்."

நான் போகிற ஜாதியா? "போனவளுக்கு எதுக்குக்கா நேரம்? இருக்கறவளுக்குக் குடுங்க."

சொல்லிவிட்டேன். அந்த வாயை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே பளாரென்று அறையத் தோன்றுகிறது. ஆனால் அன்றைக்கு அது வேலை செய்தது. அக்கா தூங்குமூஞ்சியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். அந்தக் காலிக் கட்டத்தில் பெயரை எழுதிக்கொண்டார்.

அந்த அறைக்கு இரண்டு கதவுகள். அழுத முகத்தோடு வருகிறவர்களை யாரும் பார்க்கக் கூடாது என்பதால் ஒன்றில் போய், தோட்டத்துப் பக்கம் இருக்கும் இன்னொன்றில் வெளியே வர வேண்டும். உள்ளே பேசுவது கேட்காமல் இருக்க நடைவழியில் ஒரு பெரிய மின்விசிறி இரைந்துகொண்டிருக்கும். ஆள் உள்ளே இருக்கும்போது கதவைத் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்கே நாலு மணிக்கு அவள் உள்ளே போனாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

நாலு இருபதுக்கு மின்சாரம் போனது. விசிறி நின்றது.

அப்போதுதான் உள்ளே பேசுவது கேட்டது. மேடத்தின் குரல் மெதுவாக, பொறுமையாக இருந்தது. பதில் சொன்னது தூங்குமூஞ்சியின் குரல்தான். அப்பாடா, பேசுகிறாள் என்று நெஞ்சு லேசானது.

பிறகு ஒரு வாடை வந்தது. ரொம்ப நாள் திறக்காத அலமாரியின் வாடை.

கதவின் அடியில், உள்பக்கமிருந்து, யாரோ நகத்தால் சுரண்டினார்கள்.

"டீ..."

அதுவும் தூங்குமூஞ்சியின் குரல்.

"டீ, கதவத் தொற."

அறையின் நடுவில் அவள் மேடத்திடம் பேசிக்கொண்டேயிருந்தாள். கதவுக்குக் கீழே அவளே அழுதுகொண்டிருந்தாள். கைப்பிடி வரைக்கும் கையைக் கொண்டுபோனேன்.

தொடக் கூடாது என்றார்களே.

மின்சாரம் வந்தது. விசிறி இரைந்தது. வேறு எதுவும் கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு என் முதுகில் ஒரு கை விழுந்தது. துள்ளித் திரும்பினேன். தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு தூங்குமூஞ்சி வந்து நின்றாள். முகம் தெளிந்திருந்தது.

"போலாமா?" என்றாள்.

என் பயத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. பத்து நாளாக நானும்தானே அவளோடு சேர்ந்து கண் விழித்தேன், காது ஏதேதோ கேட்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்றிரவு அவள் படுத்ததும் தூங்கிவிட்டாள். நான் போர்வைக்குள் சத்தமில்லாமல் அழுதேன். சந்தோஷம்தான். பிழைத்துக்கொண்டாள் என்ற சந்தோஷம். அடுத்த இரண்டு வாரமும் வேளைக்குச் சாப்பிட்டாள், குளித்தாள், மற்ற நேரமெல்லாம் தூங்கினாள். புதன்கிழமை வந்தால் மட்டும், "எனக்குத்தான் சரியாயிடுச்சே" என்று மறுத்துவிட்டாள்.

நடுவில் அவள் அம்மா எனக்குப் போன் செய்தார். "என்னம்மா இவ, என்னை வாங்க போங்கன்னு பேசறா? பொறந்ததுலேருந்து வா போதான்."

"கவுன்சலிங் போனதுல மரியாதை வந்திருச்சு ஆன்ட்டி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

மூன்றாவது புதன்கிழமை. வெயில் ஜன்னல் வழியே அவள் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். என் போன் அடித்தது. ஆலோசகர் மேடம்.

"உன் ஃப்ரெண்டக் கூட்டிட்டுப் போக வர்றியாம்மா? ரொம்ப அழறா."

"அவ இங்கதான் மேடம் இருக்கா. தூங்கறா."

"இல்லம்மா. பூட்டியிருந்த ரூமத் தொறந்தேன். சோபாவுல உக்காந்திருக்கா. எப்படி உள்ள வந்தான்னு தெரியல. இரு, அவகிட்ட குடுக்கறேன்."

மூச்சு வாங்கும் சத்தம். பிறகு தொண்டை கட்டிப்போன ஒரு குரல்.

"டீ... என்ன விட்டுட்டு நீ யாரடீ கூட்டிட்டுப் போன?"

அவள்தான். சத்தியமாக அவள்தான். நான் எழுந்தேன், ஓட வேண்டும் என்று எழுந்தேன்.

கட்டிலில் படுத்திருந்தவள் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போகாத" என்றாள், தூக்கக் கலக்கத்தில், கெஞ்சுகிற மாதிரி. "ரெண்டு வருஷம் கழிச்சு இப்பதான் எனக்குத் தூக்கம் வருது."