இருமுறை செத்த லைப்ரரி

போன் அலறியது.

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வசந்த் எடுத்தான்.

"அண்ணே... செத்துருச்சு." மறுமுனையில் தேவிப்ரியா. பக்கத்துத் தெருவில் பிரவுசிங் சென்டர் நடத்துபவள்.

"யாரு?"

"சிஸ்டம்தாண்ணே. ஒடனே வாங்க."

மணி நாலு. வசந்த் பறந்தான்.

சென்டரில் கோட்டைப்பட்டினம் முகம்மது கனி வியர்த்துப்போய் நின்றார். பக்கத்தில் மகன் அஸ்வர். நர்ஸுக்குப் படித்த பாசிலாவுடன் நிக்காஹ் முடிந்து நாற்பதே நாளான புது மாப்பிள்ளை.

கத்தார் ஆஸ்பத்திரி ஒன்றில் அவனுக்கு ஸ்டோர் கீப்பர் வேலை தயார். அவர்கள் கொடுத்த சாஃப்ட்வேர் வழியாக ஐந்து மணிக்குள் பேப்பர்களை அனுப்பியாக வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு!

வசந்த் கீபோர்டைத் தட்டினான். முகம் சுருங்கியது.

"லைப்ரரியை யாரோ கழட்டியிருக்காங்க."

"லைப்ரரியா?" என்றார் கனி.

"புஸ்தகம் இல்ல பாய். நெட்டுல சர்வரோட பேச வைக்கிற புரோகிராம். அது இல்லேன்னா இந்த சாஃப்ட்வேர் வெறும் பொம்மை."

பத்து நிமிடத்தில் மாட்டினான்.

"ரீஸ்டார்ட் ஆகட்டும். அதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வந்துருவோம்."

"நீங்க போங்க. நான் நோன்பு," என்றான் அஸ்வர்.

டீ குடித்துத் திரும்பினால்...

லைப்ரரியைக் காணோம்!

தேவிப்ரியா வெலவெலத்துப் போனாள். "பேய் கீய் இருக்காண்ணே?"

"பேய்க்கு மவுஸ் பிடிக்கத் தெரியாதும்மா." வசந்த் ஸ்கிரீனை உற்றுப் பார்த்தான். "நாலு இருபத்தஞ்சுக்கு அன்இன்ஸ்டால் ஆகியிருக்கு. அப்ப நாம மூணு பேரும் டீக்கடையில..."

கனி மெல்ல மகன் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, நோன்புன்னா சொன்னே? மத்தியானம் எங்கூட ஒக்காந்து நாலு பரோட்டா தின்னியே..."

அஸ்வர் ஒப்புக்கொண்டான்.

"நான்தான் அத்தா. நேத்து ஃபாரம் நிரப்ப வந்தப்பவும் நான்தான் கழட்டுனேன். பாசிலாவை விட்டுட்டு ரெண்டு வருசம் என்னால இருக்க முடியாது."

கனி ஓங்கிய கை பாதியில் நின்றது. அவரும் சவூதியில் பதினெட்டு வருடம் தனியாகக் கிடந்தவர்.

"சரி விடு. போக வேணாம்."

அஸ்வரின் போன் அடித்தது. பாசிலா! பதற்றத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டது.

"ஏங்க, எனக்கு நர்ஸ் வேலை ஆர்டர் வந்திருச்சு. ஒங்க ஆஸ்பத்திரியேதான். கெடைச்சதுக்கப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். பதினெட்டாந் தேதி பிளைட். ஒங்க பேப்பரை அனுப்பியாச்சுல்ல?"

மணி நாலு நாற்பத்தெட்டு.

அஸ்வர் வசந்தின் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே... மாட்டுங்கண்ணே. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நாலு ஐம்பத்தொன்பதுக்குக் கடைசிப் பேப்பர் போய்ச் சேர்ந்தது.

தேவிப்ரியா பெருமூச்சு விட்டாள்.

"அஸ்வரண்ணே, பிளைட்ல ஏறுனதும் கையைக் கட்டிக்கிட்டு ஒக்காருங்க. நடுவானத்துல எதையாச்சும் கழட்டிப்புடாதீங்க."