சகலையின் புழு

மனிதகுல வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க செய்தி யாதெனில்: கடலடி மணலில் வாழும், நூலினும் மெல்லிய ஒரு புழுவுக்குத் திங்கட்கிழமை காலை, பிரமுகர்கள் முன்னிலையில், சகலையின் பெயர் சூட்டப்படும்.

செய்தி கேட்டதிலிருந்து மூத்த ஆய்வாளருக்குச் சோறு இறங்கவில்லை. சகலை வேறு யாருமில்லை, இவர் மச்சினியின் புருஷன், அதே ஆய்வகத்தில் இவருக்குக் கீழே வேலை பார்ப்பவன்.

"இத்தனை வருஷமா நீங்களும் சேத்துலதான் கெடக்குறீங்க. ஒரு நத்தைக்குக்கூட உங்க பேரைக் காணோமே," என்றாள் மனைவி.

ஞாயிறு மதியம் ஆய்வகத்தில் ஈ காக்கை இல்லை. தொட்டியில் சுத்தமான கடல்மணல், அதற்குள் புழுக்கள். அவற்றை உயிரோடு காட்டினால்தான் விழா. துறைமுகக் கழிவு விழும் இடத்தில் அள்ளிய கருஞ்சேற்றை, எண்ணெயும் அழுகிய முட்டையும் கலந்த நாற்றம் தொண்டைவரை இறங்க, அவர் ஒரு வாளி நிறையத் தொட்டிக்குள் சாய்த்தார். அந்தச் சேற்றில் மட்டியும் நண்டும் கூண்டோடு அழிவதைப் பற்றி மேடை மேடையாக முழங்கியவர் அவர்தான்.

சாகிற புழு மேலே வந்து துவள வேண்டும். ஒன்றும் வரவில்லை. காற்றுக்குழாயின் குமிழ்ச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம், ஈரத் துணியை யாரோ பொறுமையாகப் பிழிவதுபோல.

சேறு குறைந்துகொண்டிருந்தது.

தின்கின்றன. அந்த நேரத்திலும் அவருக்கு வயிறு எரிந்தது. அவனுடைய புழு கழிவில்கூட முன்னுக்கு வருகிறதே.

போன் அடித்தது. சகலை.

"அண்ணே, லேப் பக்கமா இருக்கீங்க? தொட்டியில கை வச்சா கிளவுஸ் போட்டுக்குங்க. ரெண்டு நாளா அதுங்க போக்கே சரியில்ல."

"எனக்கே பாடமா, மாப்ளே?"

போனை வைத்தார். சேற்றை விரலிடுக்கில் தேய்த்துத் தரம் பார்ப்பது அவர் தொழில் பழக்கம். கையுறை நேற்று வந்தவர்களுக்கு. முழங்கைவரை கையை விட்டார். துழாவினார். தேய்த்தார்.

வெதுவெதுப்பு.

ஊசி குத்தியது போல ஒன்று. பிறகு பல.

கையை இழுத்தார். உள்ளங்கை முழுக்கச் சல்லடைத் துளை. ரத்தம் இல்லை. வலியும் இல்லை. ஒவ்வொரு துளையிலும் ஒரு சிவந்த தலை எட்டிப் பார்த்தது, ஆடியது, உள்ளே போனது.

மணிக்கட்டு. தோள். கழுத்து.

கூப்பிட வாய் திறந்தார். குரல் வரவில்லை. நாக்கின் அடியிலிருந்து, நிதானமாக, கொத்தாக, வேறு ஏதோ வந்தது.

திங்கட்கிழமை விழா தள்ளிப்போகவில்லை. காட்டுவதற்குப் புழு நிறைய இருந்தது.