உள்ளிருந்து புடைத்த தகரம்

காரின் பின்புறம், சாமான் வைக்கும் பூட் மூடியில் இருந்த பழைய புட்டிப் பூச்சைத் தேய்த்து எடுத்தபோதுதான் எர்னஸ்ட் அதைக் கவனித்தான். குழியை நிரப்பத்தான் புட்டி பூசுவார்கள். இங்கே குழியே இல்லை. தகரம் வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. ஏழெட்டு இடங்களில், ஒவ்வொன்றும் ஒரு கைமுட்டி அளவுக்கு. யாரோ அவற்றைச் சுற்றிப் புட்டியைக் கனமாக அப்பி, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கி, மேலே சாயம் அடித்திருந்தார்கள்.

கலும்பாங் ஊரில் அந்த முப்பது வருடப் பழைய காரை விற்ற மகேந்திரன், சாவியைக் கையில் தராமல் மதில்மேல் வைத்துவிட்டு, காரைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தான். எர்னஸ்ட் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டான். ராவாங் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஒரு காரைச் சரிசெய்ய வராதா? ஈஜோக்கில் தன் வீட்டு முன்கூரைக்கடியில் நிறுத்தி, தானே வேலையைத் தொடங்கினான். அவன் மனைவி முரியல் முதல் நாளே கதவைத் திறந்து முகர்ந்துவிட்டு ஏற மறுத்தாள். அன்று தொடங்கிய சண்டை மூன்று வாரமாக ஓயவில்லை. அவள் தட்டை மேசையில் வைக்கும் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

புடைப்புகளைச் சுத்தியலால் தட்டி அமுக்கி, சாம்பல் நிறப் பிரைமர் பூச்சு அடித்துவிட்டுப் படுத்தான். காலையில் பிரைமர் வெடித்து உதிர்ந்து கிடந்தது. தகரம் பழையபடி புடைத்திருந்தது. வெயிலில் தகரம் விரிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். அப்போது வெயில் இன்னும் வந்திருக்கவில்லை. மூடியைத் திறந்து குனிந்தால் துருவும் ஈரத்துணியும் கலந்த ஒரு வாடை, அதற்கும் அடியில் அடைத்த அறையில் யாரோ நெடுநேரம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்ததுபோல ஒரு புழுக்கம்.

ஸ்டியரிங் இன்னொரு தொல்லை. கார் எப்போதும் இடப்பக்கமே இழுத்தது. சனிக்கிழமை மத்தியானம் முன்பக்கத்தை ஜேக் போட்டுத் தூக்கி, முட்டுக்கொடுத்து, அடியில் மல்லாந்து படுத்து, சக்கரங்களைத் திருப்பும் கம்பியின் தேய்ந்த முனைகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினான். நட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது கம்பி அவன் கைக்குள் நகர்ந்தது. மெதுவாக வலப்பக்கம். பிறகு இடப்பக்கம். மேலே உட்கார்ந்து யாரோ ஓட்டிப் பார்ப்பதுபோல.

"முரியல், ஸ்டியரிங்கத் தொடாத. நான் அடியில இருக்கேன்."

"நான் குசினியில இருக்கேன்," என்று வீட்டின் பின்பக்கச் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

கம்பி இன்னொரு முறை நகர்ந்து நின்றது. கார்ச் சாவி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. முழங்கை சிராய்க்க வெளியே ஊர்ந்து வந்து பார்த்தான். இருக்கையில் யாரும் இல்லை. முரியலிடம் அவன் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவள் வென்றுவிடுவாள்.

மறுநாள் கோயில் பூசை முடிந்து வந்ததும் ஒரு ரவுண்டு மட்டும் போய்வரலாம் என்று பிடிவாதமாக நின்றான். பிடிக்காவிட்டால் விற்றுவிடுவதாகவும் சொன்னான். அவள் நெடுநேரம் காரையே பார்த்தாள்.

"இதான் கடைசி லா," என்று ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. தார் ரோட்டிலிருந்து ஆவி எழுந்தது, இருபுறமும் செம்பனை மட்டைகளிலிருந்து நீர் சொட்டியது, கார் நூல் பிடித்ததுபோல நேராக ஓடியது. இரண்டு மைல் வரை எர்னஸ்டுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. செம்மண் பாதை ஒன்று தோட்டத்துக்குள் பிரியும் இடம் வந்தது. ஸ்டியரிங் இடப்பக்கம் திரும்பியது. அவன் இரு கைகளாலும் இழுத்தான். அது இளகவில்லை. எதிரே இன்னொரு ஜோடிக் கைகள் அதைப் பிடித்திருப்பதுபோல இருந்தது.

"நிறுத்துங்க. எங்க போறீங்க?"

"நான் ஓட்டல, முரியல்."

பிரேக் தரைவரை போனது. கார் வேகம் குறையவில்லை. மரங்கள் நெருங்கின. வெளிச்சம் பச்சையாகி, பழுப்பாகி, மங்கியது. ஒரு கால்வாய்க் கரையில் எஞ்சின் தானாக நின்றது.

பறவைச் சத்தம் இல்லை. பூச்சிச் சத்தம் இல்லை.

பின்னாலிருந்து தட்டும் ஓசை. மூன்று முறை.

அவன் இறங்கிப் போய் சாவியைப் போட்டு மூடியைத் தூக்கினான். ஸ்பேர் டயர். வெறும் பாய் விரிப்பு. வேறொன்றும் இல்லை. மூடியைச் சாத்தினான்.

"ஒண்ணும் இல்ல, முரியல்."

முன்னால் போய்ப் பார்த்தான். அவள் இருக்கை காலியாக இருந்தது. பெல்ட் மாட்டியபடியே தொங்கியது. அவள் பக்கத்துக் கதவு உள்ளிருந்து பூட்டியிருந்தது. வெளியே ஈரச் சேற்றில் ஒரு காலடிகூட இல்லை.

"என்னங்க."

குரல் பின்னால், பூட் மூடிக்கு அடியிலிருந்து வந்தது.

ஓடினான். திறந்தான். டயர். விரிப்பு. கையை விட்டு மூலைகளைத் துழாவினான். ஒன்றுமில்லை. காற்று மூடியைப் பிடுங்கிச் சாத்தியது.

"இருட்டா இருக்குங்க. தொறங்க."

திறந்தான். காலி.

சாத்தினான்.

"ஏங்க தொறக்க மாட்டேங்கிறீங்க?" அவள் அழுதுகொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். மூடியில் வாய் வைத்துப் பேசுவதுபோல. "பக்கத்துல யாரோ படுத்திருக்காங்க."

சாவியைத் துவாரத்தில் வைத்தான். திருப்பவில்லை. திறந்தால் அவள் இருக்கமாட்டாள். மூடியிருக்கும்வரைதான் இருப்பாள்.

இரு உள்ளங்கைகளையும் தகரத்தில் பதித்து, காதை வைத்தான்.

உள்ளே இரண்டு மூச்சுகள். ஒன்று வேகமாக, திக்கித்திக்கி. மற்றொன்று நிதானமாக.

வேகமான மூச்சு நின்றது.

மற்றது, தகரத்துக்கு மறுபக்கம், அவன் காதை நோக்கி நகர்ந்தது.