அந்த டார்ச்சுக்குள் என்ன பேட்டரி?

போன் அடித்தது.

சப்-இன்ஸ்பெக்டர் செந்தில்வேல் எடுக்கவில்லை. எடுக்கிற நிலைமையில் அவர் இல்லை.

மேஜை மேல் அவருடைய புது டார்ச் தலை வேறு, உடல் வேறு, வால் வேறாகப் பிரிந்து கிடந்தது. ஒரு கையில் பேட்டரி. இன்னொரு கையில் ஸ்பிரிங். வாயில் ரப்பர் வளையம்.

கொடைக்கானல் மேல்மலையில் அன்று காலை உயிரில்லாமல் கிடந்த முதல் உடல் அதுதான்.

போன் வந்தது இரண்டாவது உடலுக்காக.

ஏட்டம்மா இருளாயி எடுத்தார். கேட்டார். "ம்..." என்றார். வைத்தார்.

"ஐயா, போளூர்ப் பாதையில ஒரு ஆளு பள்ளத்துல விழுந்து கெடக்காராம். பூண்டு யாவாரி சேனாதிபதி. உசுரு இல்ல."

செந்தில்வேல் ரப்பர் வளையத்தைத் துப்பினார்.

"ஒரு நிமிஷம் ஏட்டம்மா. இதை மாட்டிக்கிறேன்."

"அவருக்கு ஒண்ணும் அவசரமில்லங்கய்யா. நமக்குத்தான்."

இந்த டார்ச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

செந்தில்வேல் அதை வாங்குவதற்கு முன் செய்த ஆராய்ச்சியைத் தன் கேஸ்களில் செய்திருந்தால் இந்நேரம் இன்ஸ்பெக்டர் ஆகியிருப்பார். வீடியோக்கள் பார்த்தார். இணையத்தில் வெளிநாட்டுக்காரர்களோடு சண்டை போட்டார். ஒரு மழைக்காலம் முழுக்க அதே பேச்சு. "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு காப்பி குடிக்கிற நேரத்துல முடிவு பண்ணீங்க" என்று அவர் மனைவி பிரியா சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் விழவில்லை. காதில் ஹெட்போன்.

வந்து சேர்ந்த டார்ச் பேரழகு. ஒரே ஒரு குறை.

அமுக்கினால் சில சமயம் எரியாது. அமுக்காதபோது பேன்ட் பாக்கெட்டுக்குள் தானாக எரியும்.

பேட்டரியில் கோளாறா, ஸ்விட்சில் கோளாறா? கட்டைவிரல் பருமன் சார்ஜ் பேட்டரி போடுவதா? அதைவிட ஒல்லியானதை உறை மாட்டிப் போடுவதா? அவசரத்துக்குக் கடையில் கிடைக்கிற பென்சில் பேட்டரி போதுமா? இந்தக் கவலையில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டேஷனில் டார்ச் நிபுணர் என்று அவருக்குப் பெயர் வேறு. அந்தப் பெயரை வைத்தது அவரேதான்.

போளூர்ப் பாதையில் பட்டப்பகலிலேயே பனி இறங்கிக் கிடந்தது. பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியவில்லை.

"எல்லாரும் தள்ளுங்க" என்றார் செந்தில்வேல்.

டார்ச்சை எடுத்தார். முழு வெளிச்சத்தில் வைத்தார். பள்ளத்தை நோக்கிப் பிடித்தார்.

வெளிச்சம் பனியில் மோதி அப்படியே அவர் முகத்துக்குத் திரும்பி வந்தது. கண் இருட்டியது. ஒரு கால் வழுக்கியது...

இருளாயி அவர் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார்.

"ஒரு கேஸு போதுங்கய்யா."

சேனாதிபதி பாறையடியில் மல்லாந்து கிடந்தார். பின்மண்டையில் அடி. பையில் பணம் இருந்தது. கையில் கடிகாரம் ஓடியது. காட்டுமாடு தோட்டத்தில் இறங்குகிறதா என்று பார்க்கத் தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் இந்தப் பக்கம் வருகிற மனுஷன். முந்தின நாளும் அப்படித்தான் வந்திருக்கிறார். டார்ச் இல்லாமல் வரமாட்டார் என்று கூட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள்.

டார்ச் இல்லை.

பள்ளத்தில் தேடினார்கள். புதரில் தேடினார்கள். எங்கும் இல்லை.

வீட்டில் சேனாதிபதியின் மனைவி அன்னக்கொடி அழுது ஓய்ந்து சுவரோடு சாய்ந்திருந்தார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகள் சுபஸ்ரீ, அப்பாவுக்கென்று வெளிநாட்டு டார்ச் ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறாள். முந்தின நாள் மதியம்தான் பார்சல் வந்தது. வீட்டை விட்டு முதல்முதலாக அதை வெளியே எடுத்துப் போனதே அன்று சாயங்காலம்தான். போனவர் வரவில்லை. இதைச் சொல்லி முடிக்க அந்த அம்மாள் பட்ட பாடு பார்க்கச் சகிக்கவில்லை.

செந்தில்வேல் பார்க்கவும் இல்லை. அவர் கண் அலமாரி மேல் இருந்த காலி டப்பாவில் இருந்தது.

டப்பாவை எடுத்தார். பின்பக்கம் திருப்பினார்.

"அடேங்கப்பா... இந்த மாடலா? இது இங்க கெடைக்கவே கெடைக்காதே."

இருளாயி இருமினார். சளியால் வந்த இருமல் இல்லை அது.

செந்தில்வேலுக்கு வெட்கமாகிவிட்டது. டப்பாவை வைத்தார். ஆனால் படிக்க வேண்டியதைப் படித்துவிட்டார். பேட்டரி இல்லாமல் வருகிற டார்ச். அவருடையதைப் போலவே இதிலும் மூன்று விதமான பேட்டரி போடலாம். பென்சில் பேட்டரி போட உள்ளே ஒரு கூடு உண்டு.

டப்பாவுக்குப் பக்கத்தில் என்ன கிடந்தது?

பென்சில் பேட்டரியின் காலி அட்டை!

செந்தில்வேல் மண்டைக்குள் ஆயிரம் லூமென் வெளிச்சம் எரிந்தது. அன்னக்கொடியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அது அப்போதே அணைந்திருக்கும். நிபுணர் கேட்கவில்லை.

ஜீப்பில் ஏறியதும் ஆரம்பித்தார்.

"கேஸ் முடிஞ்சுது ஏட்டம்மா. ஆளு பென்சில் பேட்டரியப் போட்டிருக்கார். இந்தக் குளிருக்கு அது தாங்குமா? பாதி வழியில டார்ச் செத்திருக்கு. இருட்டு, பனி. கால் தடுக்கிட்டார். விபத்து."

"டார்ச்சு எங்கங்கய்யா?"

"உருண்டு ஓடையில போயிருக்கும்."

"பின்மண்டையில அடி இருக்கே? கால் தடுக்கினவரு முன்னாலதான விழுவாரு?"

"மன்னவனூருக்கு வண்டிய விடச் சொல்லுங்க" என்றார் செந்தில்வேல்.

மன்னவனூரில் கோகுல் இருந்தான். சுற்றுலாக்காரர்களுக்குக் கூடாரம் போட்டுத் தருகிறவன். சேனாதிபதியின் தோட்டத்துக்கு மேலேதான் அவனுடைய இன்னொரு கூடாரத் தளம். அதனால் விசாரிக்க வேண்டும் என்று செந்தில்வேல் டைரியில் எழுதிக்கொண்டார்.

உண்மைக் காரணத்தை டைரியில் எழுத முடியாது. மேல்மலையில் அவரைவிட டார்ச் அறிவுள்ள ஒரே ஆள் கோகுல். ஸ்விட்ச் கோளாறை அவனிடம் காட்ட வேண்டும்.

கோகுல் டீ போட்டுக் கொடுத்தான். சேனாதிபதி செய்தியை இப்போதுதான் கேள்விப்பட்டதாகச் சொல்லி வருத்தப்பட்டான். முந்தின நாள் காலையிலேயே பழனிக்குப் போனவன், ராத்திரி அங்கேயே தங்கி, இப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கினானாம். சேனாதிபதியைப் பார்த்து நாளாகிவிட்டதாம்.

"பாவம் சார், நல்ல மனுஷன்."

"ஆமா... அது கெடக்கட்டும். இதப் பாரு" என்று செந்தில்வேல் தன் டார்ச்சை நீட்டினார்.

கோகுல் வாங்கினான். கழற்றினான். முகர்ந்துகூடப் பார்த்தான்.

"ஸ்விட்ச் நல்லாத்தான் சார் இருக்கு. பாக்கெட்ல தானா எரியக்கூடாதுன்னு இதுல ஒரு லாக் இருக்கு. நீங்க அப்பப்ப தெரியாம அந்த லாக்கைப் போட்டுடுறீங்க, எடுத்துடுறீங்க. பேட்டரியும் மட்டம். தடியான சார்ஜ் பேட்டரி நல்லதா ஒண்ணு வாங்குங்க. இந்தக் குளிருக்கு அதுதான் சார்."

"எனக்குத் தெரியாதா?" என்றார் செந்தில்வேல். தெரியாது.

பக்கத்தில் இருளாயி டீயை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏட்டம்மா முன்னால் இப்படி ஒரு அவமானம். இழந்த மரியாதையை மீட்டாக வேண்டும். செந்தில்வேல் தொண்டையைச் செருமினார்.

"பேட்டரி விஷயத்துல ஏமாந்தா உயிரே போயிடும் கோகுலு. சேனாதிபதியவே எடுத்துக்க. அவ்வளவு ஒசந்த டார்ச்சு. அதுல போயிப் பென்சில் பேட்டரியப் போட்டிருக்கார். குளிர்ல பேட்டரி படுத்துருச்சு. ஆளும் போயிட்டார்."

கோகுலின் முகம் கோணியது. சங்கீதக்காரன் காதில் அபஸ்வரம் விழுந்த மாதிரி.

"யாரு சார் சொன்னது? அந்த டார்ச்சுல பென்சில் பேட்டரியா? ஆரஞ்சு கலர் சார்ஜ் பேட்டரி சார். தடியானது. முழு சார்ஜ்ல பச்சை லைட் எரிஞ்சுது."

"இல்லப்பா. காலி அட்டைய நானே கண்ணால பார்த்தேன்."

"அட்டைய வச்சுச் சொல்றீங்களா? அந்தப் பேட்டரி அதுக்குன்னே அளவெடுத்த மாதிரி சார். ஆடவே இல்ல."

"நான் சொல்றதக் கேளு. பென்சில்..."

"சார், ஆரஞ்சு!"

இந்தச் சண்டை இன்னும் எவ்வளவு நேரம் நடந்திருக்குமோ தெரியாது. இருளாயி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏந்தம்பி... நேத்து மத்தியானந்தான் அந்த டார்ச்சு ஊருக்கே வந்துச்சு. நீங்க பழனியில இருந்தீங்க. பச்சை லைட்ட எப்பப் பாத்தீங்க?"

கோகுல் டார்ச்சைப் பழையபடி மாட்டினான். செந்தில்வேல் கையில் வைத்தான்.

செந்தில்வேல் கோகுலைப் பார்த்தார். இருளாயியைப் பார்த்தார். மறுபடி கோகுலைப் பார்த்தார்.

"ஆமா... எப்பப் பார்த்தே?"

கோகுல் ஓடினான்.

கூடாரத்தைத் தாண்டினான். கேரட் தோட்டத்தில் குதித்தான். பனி அவனை ஒரே வாயில் விழுங்கியது.

பின்னாலேயே ஓடினார் செந்தில்வேல். கேரட் தோட்டம் சேறு. ஷூ ஒன்று அதிலேயே தங்கிவிட்டது. முன்னால் வெள்ளை. பின்னால் வெள்ளை. எந்தப் பக்கம் போனான்? பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. தோட்டத்துக்கு அந்தப் பக்கம் காடு. காட்டுக்குள் நுழைந்துவிட்டால் அவ்வளவுதான்.

நின்றார். மூச்சு வாங்கியது. பயமாகவும் இருந்தது. ஒருவனைத் தள்ளிக் கொன்றவன் இரண்டாவது ஆளைத் தள்ளக் கூச்சப்படுவானா என்ன?

டார்ச்சை எடுத்தார். அமுக்கினார்.

எரியவில்லை.

இரண்டு தடவை அமுக்கினார். சிவப்பாக ஒரு பொட்டு மினுங்கி அணைந்தது. நீளமாக அமுக்கினார். மறுபடி சிவப்பு. தட்டினார். உதறினார். கெஞ்சினார். டக், டக், டக் என்று அந்த அமைதியில் அவருடைய கட்டைவிரல் சத்தம் மட்டும்...

பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பொறுமை இழந்த குரல்.

"நாலு தடவ சார்! லாக்கு விழுந்திருக்கு. விடாம நாலு தடவ அமுக்குங்க!"

குரல் வந்த திசையில் இருளாயி பாய்ந்தார்.

ஏதோ சேற்றில் தொப்பென்று விழுந்தது. பிறகு அவருடைய நிதானமான குரல்.

"ஆளப் புடிச்சாச்சுங்கய்யா. நீங்க மெதுவா அமுக்கிட்டு வாங்க."

கூடாரத்தில், தூங்குகிற பைக்குள் சுருட்டி வைத்திருந்தான் அந்த டார்ச்சை. திறந்தார்கள். ஆரஞ்சு நிற பேட்டரி. டார்ச்சோடு பேட்டரி வராது என்பதால் சுபஸ்ரீ கோயம்புத்தூர்க் கடையில் தனியாக வாங்கி அனுப்பியது அது. பார்க்காமல் யாராலும் அதன் நிறத்தைச் சொல்ல முடியாது. பென்சில் பேட்டரி என்ன ஆனது? வீட்டில் போய்க் கேட்டதும் அன்னக்கொடி கையைக் காட்டினார். சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

ஸ்டேஷனில் கோகுல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். விருந்தாளிகளுக்குக் கறி போட, டார்ச் அடித்துக் கடமான்களின் கண்ணைக் கூச வைத்துச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறான். பழனிக்குப் போனதாகச் சொன்னது பொய். அன்றும் துப்பாக்கியோடு பாதையில் இறங்கியவன் முகத்தில் சேனாதிபதியின் புது டார்ச் அடித்திருக்கிறது. விடிந்ததும் வனத்துறைக்குச் சொல்வேன் என்றிருக்கிறார். தள்ளிவிட்டான். முதுகு பள்ளத்தைப் பார்க்க நின்றவர் அப்படியே போய்விட்டார். அவர் கையிலிருந்து டார்ச் மட்டும் பாதையில் விழுந்து எரிந்துகொண்டிருந்தது.

அதைப் பள்ளத்தில் போட்டிருந்தால் விபத்து என்றே கேஸ் முடிந்திருக்கும்.

"மனசு வரல சார்" என்றான் கோகுல். "அந்த மாடல் இங்க கெடைக்காது."

செந்தில்வேல் தலையாட்டிவிட்டார். பிறகுதான் தான் எந்தப் பக்கம் என்று ஞாபகம் வந்தது. வாசலில் அன்னக்கொடி நின்றிருந்தார். செந்தில்வேலால் அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அன்றைக்கு முழுவதும் அவர் டார்ச்சைத் தொடவில்லை.

கொடைக்கானலில் இருந்து டி.எஸ்.பி. சுவாமிநாதன் நேரில் வந்தார். ஸ்டேஷனே விறைத்து நின்றது. அவர் ரிப்போர்ட்டைப் படித்தார். மறுபடி படித்தார். எழுந்து செந்தில்வேலின் கையைக் குலுக்கினார்.

"பிரமாதம்! பென்சில் பேட்டரின்னு வேணும்னே தப்பாச் சொல்லி, அவன் வாயாலேயே உண்மைய வரவழைச்சிருக்கீங்க. இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பொறிய நான் பார்த்ததில்ல."

செந்தில்வேல் வாயைத் திறந்தார். இருளாயி கூரையைப் பார்த்தார். செந்தில்வேல் வாயை மூடிக்கொண்டார்.

லாக்கப்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கோகுல் எழுந்தான்.

"சார், அது பொறியே இல்ல சார்! நம்புங்க. இவருக்கு நெஜமாவே பேட்டரி பத்தி ஒண்ணும் தெரியாது!"

டி.எஸ்.பி. வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பாத்தீங்களா? குற்றவாளியையே இன்னும் நம்ப வச்சிருக்கார் மனுஷன். செந்தில்வேல், உங்க பேரை விருதுக்கு எழுதுறேன்."

டி.எஸ்.பி.யின் ஜீப் கிளம்பியது. செந்தில்வேல் முகத்தில் பெருமையும் வலியும் மாறி மாறி வந்தன. நல்ல போலீஸ் என்று பெயர் வாங்க வேண்டுமானால், டார்ச் நிபுணர் என்ற பெயருக்கு வந்த பழியைத் துடைக்காமல் விட வேண்டும். ஒரே நாளில் ஒரு மனுஷனுக்கு இது அதிகம்.

"ஏட்டம்மா... அவன் சொன்னதப் பத்தி என்ன நெனைக்கிறீங்க?"

இருளாயி லாக்கப்பைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார்.

"பாவங்கய்யா. பழனிக்குப் போனேன்னு பொய் சொன்னப்ப நம்புனோம். இப்ப அவன் சொன்னது நெசம்... அதப் போயி யாரும் நம்பல."