மூன்று வாரமாக முதலிடம், கதவு மட்டும் இல்லை

ஸ்வர்ணாவின் பாட்டு மதுரை முழுக்க ஓடியது. காளவாசல் சிக்னலில் ஆட்டோக்காரர்கள் முணுமுணுத்தார்கள். காதுகுத்து விழாவில் ஸ்பீக்கர் கட்டிப் போட்டார்கள். எஃப்.எம். ரேடியோவின் டாப் டென் வரிசையில் மூன்று வாரமாக அதுதான் முதலிடம்.

பாட்டு இதுதான்:

"கதவைக் காணோம், கதவைக் காணோம்,
கழிப்பறைக்குக் கதவைக் காணோம்!
ஒருத்தி உள்ளே, ஒருத்தி காவல்,
ஆறாம் வகுப்பில் இதுவா பாடம்?"

எழுதிப் பாடியது ஸ்வர்ணா. சாப்பாட்டுத் தட்டில் தாளம் போட்டது அவள் தோழி தமிழ்வாணி. இருவரும் படிக்கும் பள்ளிக்கூடத்தைப் பற்றிய பாட்டு அது.

சரி, கதவு வந்ததா? வரவில்லை.

"இன்னைக்கும் நான் தண்ணி குடிக்கலடி. வயிறு வலிக்குது," என்றாள் தமிழ்வாணி. "பாட்டு முதலிடத்துல இருந்து என்ன செய்ய?"

ஸ்வர்ணாவுக்குக் கோபம் வந்தது. நேராகத் தலைமையாசிரியர் வீரணன் அறைக்குப் போனாள். அப்போது அவருடைய போன் அடித்தது. 'கதவைக் காணோம், கதவைக் காணோம்!'

"ரிங்டோனா வச்சுட்டேன்மா! எம்புட்டு நல்ல தாளம்!"

"சார், கதவு?"

"அதான் பாட்டுல வருதே!"

"கழிப்பறைக்கு வரலையே சார்."

"மேலே எழுதிப் போட்டிருக்கேன். வரும், வரும்."

கதவு வரவில்லை. பொன்னாடைதான் வந்தது. வியாபாரிகள் சங்கம், ஆட்டோ சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று வரிசையாக வந்தார்கள். "என்ன ஒரு சமூக அக்கறை!" என்றார்கள். போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். போய்விட்டார்கள். கழிப்பறைப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

மொத்தம் பதினொரு பொன்னாடை. மதுரை வெயிலில் இதை யார் போர்த்திக்கொள்வது? அதிலும் கவுன்சிலர் பாண்டிராஜ் போர்த்தியதில் அவர் பெயரே தங்க எழுத்தில் பளபளத்தது.

வெள்ளிக்கிழமை அவர் மறுபடி வருகிறாராம். இந்த முறை கேடயம்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்வர்ணா அம்மாவின் தையல் மெஷினில் உட்கார்ந்தாள்.

மறுநாள் மேடையில் கவுன்சிலர் கேட்டார். "நான் போர்த்துன பொன்னாடை எங்கம்மா? அதைப் போட்டுக்கிட்டு நில்லு. போட்டோவுக்கு நல்லாருக்கும்."

"அது உபயோகத்துல இருக்குங்க சார்."

"அப்படியா! எங்கே?"

"வாங்க, காட்டுறேன்."

அவர் நடந்தார். பின்னாலேயே தலைமையாசிரியர், கேமராக்காரர்கள், பள்ளிக்கூடம் முழுவதும்.

கழிப்பறை வாசலில் பதினொரு பொன்னாடைகள் ஒரே திரையாகத் தொங்கின. நட்ட நடுவில் 'கவுன்சிலர் பாண்டிராஜ்'.

கவுன்சிலர் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார்.

"ஆள் இருக்கு!" என்று உள்ளேயிருந்து தமிழ்வாணி கத்தினாள்.

கேமராக்கள் கிளிக் கிளிக் என்றன.

"யோவ், எடுக்காதீங்கய்யா!" கவுன்சிலர் தன் பெயரைக் கையால் மறைத்தார். அந்தப் போட்டோ இன்னும் நன்றாக வந்தது. "கார்பெண்டரைக் கூப்பிடுய்யா! கதவோட வரச் சொல்லு! இப்பவே!"

மத்தியானத்துக்குள் கதவு வந்தது. தாழ்ப்பாளோடு.

அடுத்த வாரம் பாட்டு ஏழாம் இடத்துக்கு இறங்கியது. ஸ்வர்ணா அதைச் சொல்ல ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

"ஏழாவதோ எழுபதாவதோ, இருந்துட்டுப் போகட்டும்டி," என்றது உள்ளேயிருந்து தமிழ்வாணியின் குரல். "என்னை அவசரப்படுத்தாதே. நான் மெதுவாத்தான் வருவேன்!"