சுருங்காத திசு

நேற்று இருபது மைக்ரான் தடிமன் இருந்த திசு, இன்று மத்தியானம் இருபத்து மூன்று காட்டியது.

ஆய்வகத்தில் எல்லோரும் 'அளவுக்காரி' என்று கூப்பிடும் அவள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். மூளைத் திசு, கெடாமல் காக்கும் ஃபார்மலின் மருந்தில் சுருங்கும், காயும்போது இன்னும் சுருங்கும். கத்தி மழுங்கினால் தடிமன் மாறும், வெட்டுப்பட்ட செல்லை இரண்டு தடவை எண்ணிவிடுவோம், களைத்த கண் இல்லாததைப் பார்க்கும். இந்தத் தப்புகளைப் பிடிப்பதுதான் பதினோரு வருஷமாக அவள் பிழைப்பு. ஆனால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒட்டிவைத்த திசு வளர்ந்ததாக அவள் கேள்விப்பட்டதே இல்லை.

மருந்து நெடியில் தொண்டை கமறியது. மூலையில் ஃப்ரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. திரும்ப அளந்தாள். இருபத்தாறு.

"அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்க."

திசுவைச் சீவித் தருகிறவர் சிரித்துக்கொண்டே வந்தார். "என் கத்தி மேல பழியைப் போடாதம்மா."

குனிந்து பார்த்தவரின் சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது. "நேத்து நாப்பத்தொரு செல்னு எழுதியிருக்க. இப்ப அம்பத்தாறு இருக்கு."

"இது யாரோடது?"

"பேர் தெரிஞ்சா கணக்கு ஒரு பக்கம் சாயும்னுதானே நம்பர் மட்டும் போடுறோம்?" என்றவர், மனசு கேட்காமல் பீரோவைத் திறந்து பதிவேட்டைப் புரட்டினார். ஒரு வரியில் விரல் நின்றது. பட்டென்று மூடினார்.

"நீ வீட்டுக்குப் போம்மா."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அக்கா.

ஆறு மாசத்துக்கு முன்னால், "இனிமே எழுந்திரிக்க மாட்டாங்க" என்று டாக்டர் கைவிரித்த அன்று, மூச்சு மெஷினை நிறுத்தவும் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கவும் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். பேனாவைக் கீழே வைத்தபோது அக்காவின் இமை துடித்த மாதிரி இருந்தது. களைத்த கண், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

"பெரிய டாக்டரைக் கூட்டிட்டு வரேன். அதைத் தொடாத."

கதவு சாத்திக்கொண்டது.

ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. அறையின் நிசப்தம் காதை அடைத்தது.

அவள் தொடவில்லை. மைக்ரோஸ்கோப்பிலும் பார்க்கவில்லை. வெறும் கண்ணால், ஜன்னல் வெளிச்சத்தில், நகத்தளவு திசுவைப் பார்த்தாள்.

அதன்மேல் மூடியிருந்த கண்ணாடி மங்கியது. துடைக்கக் கை நீட்டினாள்.

வெளியே இல்லை. உள்பக்கம்.

ஆவி படர்ந்தது. மெல்ல மறைந்தது.

மறுபடி படர்ந்தது.