கை பிரேக் இழுத்த ஜீப்

காலை ஒன்பதரை. பாகூர் ஏரிக்கரைச் சரிவில் கரும்பு ஏற்றும் கூலியாள் பக்கிரி செத்துக் கிடந்தார். அவரைத் தாண்டி, கரும்பு டிரெய்லரோடு ஒரு பழைய ஜீப் ஏரித் தண்ணீரில் குப்புற விழுந்திருந்தது.

பக்கிரியின் பக்கத்தில் ஒரு கருங்கல். மேட்டில் நிற்கும் வண்டிக்குப் பின் சக்கரத்தில் கல் வைப்பது இங்கே வழக்கம். வைக்கக் குனிந்தவர் மேலேயே வண்டி உருண்டுவிட்டது.

எஸ்.ஐ. செல்வகுமாரி டிரைவர் மணிவண்ணனைப் பிடித்துக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது அவனுக்கு.

"கை பிரேக் இழுத்தியா?"

"இழுத்துட்டுத்தான் எறங்கினேன் மேடம்."

"இழுத்த வண்டி எப்படிடா உருளும்?"

திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். கடைசியில் அவன் தலை தொங்கிப்போனது.

"அப்ப இழுக்கல போல மேடம். கல்லு வைக்கச் சொன்னதும் நாந்தான். நாந்தான் அவர சாவடிச்சிட்டேன்."

ஜீப்பின் சொந்தக்காரர், கரும்பு விவசாயி மணவாளன், பக்கத்தில் நின்று உச்சுக் கொட்டினார். கேஸ் முடிந்தது என்று செல்வகுமாரியும் நினைத்தாள். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

பகல் இரண்டு மணி. கிரேன் ஜீப்பைத் தூக்கிக் கரையில் வைத்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். கை பிரேக் லிவர் முழுசாக மேலே இழுத்தபடியே இருந்தது. விழுந்த பிறகு வண்டிக்குள் யாரும் கைவைக்கவில்லை.

சீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கு மூட்டை. பிரித்தாள். கை நீளத்துக்கு ஓர் இரும்புத் தண்டு, கிரீஸ் பூசிப் புதுசாக இருந்தது.

காலையில் டிரெய்லருக்குப் பின்னால் நடந்து வந்த, கரும்பு வெட்டும் விஜயராணியைக் கூப்பிட்டாள். "வண்டி நிக்கறதுக்கு முன்னாடி இன்னா நடந்தது?"

"டப்புன்னு ஒரு சத்தம் மேடம். அப்புறம் இன்ஜின் மட்டும் கத்துச்சு, வண்டி நவுரல."

போலீஸில் சேர்ந்த புதிதில் செல்வகுமாரி ஓட்டிப் பழகியது இதே மாதிரி ஜீப்தான். பின் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சிலைக் கழற்றச் சொன்னாள்.

மாலை ஐந்து. ஸ்டேஷனில் மணவாளன் எதிரே உட்கார்ந்திருந்தார். மூலையில் மணிவண்ணன்.

"இன்ஜின் எப்ப மாத்தினீங்க?"

"தை மாசம். பழசு மேட்ல திணறுது மேடம். பெரிய லாரி இன்ஜின் போட்டோம்."

"ஆக்சில்?"

"கம்பெனியோடதுதான். நல்லாத்தானே இருந்துச்சு."

அவள் இரண்டாகப் போன தண்டை மேசைமேல் வைத்தாள். "பழைய இன்ஜின் இழுக்கற அளவுக்குத்தான் கம்பெனிக்காரன் இதைச் செஞ்சான். நீங்க இன்ஜினை மட்டும் பெருசாக்கிட்டீங்க. லோடோட, முதல் கியர்ல மேடு ஏறுறப்ப அத்தனை முறுக்கும் இதுமேலதான் வருது."

"தண்ணியில விழுந்தப்ப ஒடஞ்சிருக்கும்."

"விழுந்தா வளையும். தண்டு முனையில இருக்கற இந்தப் பல்லைப் பாருங்க, கைமுறுக்கு மாதிரி சுத்திக்கிட்டிருக்கு. இந்த ஜீப்ல கை பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. கியர் பாக்ஸுக்குப் பின்னால சுத்தற நடு ஷாஃப்டைத்தான் பிடிக்கும். அதுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல ஆக்சில் ஒடஞ்சிட்டா, இழுத்தாலும் வண்டி உருளும்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

செல்வகுமாரி சாக்கைப் பிரித்துப் புதுத் தண்டைப் பக்கத்தில் வைத்தாள்.

"ஸ்டெப்னி வச்சிருப்பாங்க, ஜாக்கி வச்சிருப்பாங்க. ஆக்சிலை யாரு வண்டியில வச்சிக்கினு சுத்துவா? இதுக்கு முன்னாடி எத்தினி தடவை ஒடஞ்சிது?"

மணவாளன் விரலை மடக்கி எண்ணினார். "மூணு. கரும்பு வெட்டு முடியட்டும், பெரிய ஆக்சில் போடலாம்னு இருந்தேன்."

"இவன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா வண்டியில ஏறமாட்டானே."

அவரைக் கான்ஸ்டபிள் உள்ளே அழைத்துப் போனார். செல்வகுமாரி எழுந்து மூலைக்குப் போனாள். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூசியது.

"மணிவண்ணா, கேட்டியா? உம்மேல தப்பில்லப்பா. நீ பிரேக் இழுத்துட்டுத்தான் எறங்கியிருக்க."

அவன் மறுத்துத் தலையாட்டினான்.

"இல்ல மேடம். இழுக்கல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

காலையில் அந்த ஞாபகத்தை அவனுக்குக் கொடுத்தவள் அவள்தான்.